படலையடிக்கு இளநீலப் பூ: எது நிற்கும், எது ஊதாவாகிப் போகும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி வைக்கிறேன், பிறகு வாசிக்க வருகிறவர்களுக்கும் உதவும். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வீடு. படலையிலிருந்து விறாந்தை வரைக்கும் முப்பது அடிப் பாதை. அதன் ஒரு கரையில் நாள் முழுக்க வெயில், மற்றக் கரையில் மாமர நிழல். இரண்டு கரையிலும் வெளிர் நீலப் பூ மட்டும் பூக்க வேண்டும் என்று ஆசை. 'நீலம்' என்று சொல்லி விற்ற கன்றுகளை இரண்டு தரம் வாங்கி வைத்தீர்கள், இரண்டும் ஊதாவாகப் பூத்தன. நுவரெலியாவில் பார்த்த நீல ஹைட்ரேஞ்சியாவைக் கொண்டுவந்து வைத்தாலாவது சரிவருமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். வெறும் பெயர்கள்தான் வேண்டும் என்றால் பத்துப் பெயரை ஒரே மூச்சில் சொல்லலாம், அதை வைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் ஏமாறலாம். எங்கள் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் வெயிலிலும் எது இளநீலமாகப் பூத்து இளநீலமாகவே நிற்கும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் வலிகாமத்தில் இருபத்தாறு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். என்னிடம் வந்தவர்கள் வெங்காயத்தையும் மிளகாயையும் புகையிலையையும் பற்றிக் கேட்டார்களே தவிர, பூவைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பூக்கன்று வைப்பது மனைவியின் ஆக்கினையில் தொடங்கிய பழக்கம், ஓய்வுபெற்ற பிறகு வளவில் ஒரு சிறிய நாற்றுமேடையாக வளர்ந்துவிட்டது. ஆகவே மண்ணையும் தண்ணீரையும் பற்றிச் சொல்வது படித்ததும் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் பார்த்ததும். சில பூக்களைப் பற்றிச் சொல்வது என் ஒரே வளவில் கண்டது மட்டும். எது எந்த வகை என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிறம். கன்று விற்றவர் உங்களை ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பேச்சில் நீலம் என்ற சொல் கொஞ்சம் அகலமானது. கத்தரிப்பூ நிறத்தையும் நீலம் என்போம், கருநீலத்தையும் நீலம் என்போம். போதாக்குறைக்குக் கைத்தொலைபேசிப் படமும் பொய் சொல்லும். கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிற பூவை நிழலில் வைத்துப் படம் எடுத்தால் பெரும்பாலும் நல்ல ஆகாய நீலமாகத் தெரியும். அதனால் இளநீலக் கன்று வாங்க ஒரேயொரு விதிதான் வைத்திருக்கிறேன்: பூத்து நிற்கிற கன்றை, காலை பத்து மணி வெயிலில், கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் நீலப் பேனையால் மெல்லக் கிறுக்கி, பூவை அதன் பக்கத்தில் பிடியுங்கள். கத்தரிப்பூப் பக்கம் சாய்ந்த நிறம் என்றால் அந்த நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும். மொட்டை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, மொட்டின் நிறம் வேறு, விரிந்த பூவின் நிறம் வேறு.

ஏன் இப்படி என்றால், பூவுக்குள் நீலம் பிறப்பது இலகுவான காரியம் அல்ல. பெரும்பாலான நீலப் பூக்களில் இருப்பது அந்தோசயனின் என்ற சாய இனத்தைச் சேர்ந்த டெல்பினிடின் வகை. அது இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சாறு புளிப்பா காரமா, கூடவே என்ன உலோகம் சேருகிறது, வேறு எந்தப் பொருள் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பொறுத்து அதே சாயம் சிவப்பாகவும் ஊதாவாகவும் நீலமாகவும் தெரியும். வீட்டில் செய்து பார்க்கலாம்: நாலு காக்கணம்பூவைச் சுடுதண்ணீரில் போடுங்கள், நீலம் இறங்கும். அதில் தேசிக்காய் நாலு துளி விட்டால் கண்ணுக்கு முன்னால் ஊதாவாகும். 'ஹெவன்லி புளூ' என்று விதை விற்கிறார்களே, மெக்சிக்கோ நாட்டுக் கொடி, அதன் கதையும் இதுதான். மொட்டு சிவந்த ஊதாவாக இருக்கும். விரியும்போது இதழுக்குள் இருக்கும் சாற்றின் பிஎச் அளவு, அதாவது புளிப்புக் குறையக் குறையக் கூடும் எண், 6.6 இலிருந்து 7.7 வரை ஏறும், பூ ஆகாய நீலமாகும். மத்தியானம் சுருங்கும்போது இளஞ்சிவப்புக்குத் திரும்பிவிடும். ரோசாவில் அந்த டெல்பினிடினே உண்டாவதில்லை. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2004 இல் நீல ரோசா என்று அறிவித்து 2009 இல் விற்பனைக்கு விட்டது. அதுகூடப் பார்வைக்கு இளம் கத்தரிப்பூ நிறம்தான். ஆகவே இணையத்தில் 'நீல ரோசா விதை' என்று பத்து விதைப் பொட்டலத்தைக் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒரு தேத்தண்ணி குடியுங்கள்.

சரி, ஹைட்ரேஞ்சியா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கோண்டாவிலில் வேண்டாம். போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 இல் திறந்ததும் எல்லாரையும் போல நாங்களும் குடும்பமாக நுவரெலியா போனோம். வரும்போது மடியில் மூன்று சாடி, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வந்தது என் மனைவி. மூன்றும் வந்தபோது நல்ல நீலம். சித்திரை வெயிலுக்கு இரண்டு கருகிப் போயின. மிஞ்சிய ஒன்றைக் கிணற்றடியில், நிழலில், ஈரத்தில் வைத்துக் காப்பாற்றினோம். அடுத்த தரம் அது ஒரே ஒரு கொத்துப் பூத்தது, அழுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில். எனக்கு உள்ளூரச் சிரிப்பு, ஏனென்றால் இப்படித்தான் வரும் என்று படித்திருந்தேன். ஆனால் வீட்டில் சொல்லப் பயம்.

காரணம் இதுதான். ஹைட்ரேஞ்சியா நீலமாவதற்கு மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்ச வேண்டும். மண் புளிப்பாக, பிஎச் 5.5 க்குக் கீழே இருந்தால்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். நுவரெலியாவின் தேயிலை மண் அப்படிப்பட்டது. எங்கள் குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. செம்பாட்டு மண் பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் நடுநிலையிலோ காரப் பக்கத்திலோதான் நிற்கும். உங்கள் கேத்திலுக்குள் எட்டிப் பாருங்கள், அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்தக் கல்தான், தண்ணீரில் கரைந்து வந்தது. படிகாரம் கரைத்து ஊற்றினால் நீலமாகும் என்று சொல்வார்கள், அது பொய் அல்ல, படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. ஆனால் காலையில் படிகாரம் ஊற்றி, மாலையில் கிணற்றுத் தண்ணீர் வார்த்தால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதுபோல. மழைத் தண்ணீரைச் சேமித்துச் சாடிக்கு மட்டும் வார்த்து நிறத்தைச் சமாளிக்கலாம் என்றாலும் வெக்கையை என்ன செய்வது? அதே காரணத்துக்காக அகபாந்தஸ் என்ற நீலப் பூச்செடியின் கிழங்கையும் மலைநாட்டிலிருந்து தூக்கிவர வேண்டாம். என்னிடம் நாலு வருடம் இலையாகவே இருந்தது, ஒரு பூத்தண்டுகூட வரவில்லை. பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

இனி எது நிற்கும் என்பது. உங்கள் வெயில் கரைக்கு என் முதல் தெரிவு, இரண்டாம் தெரிவு, மூன்றாம் தெரிவு எல்லாமே பிளம்பாகோ. நம் ஊர்க் கொடிவேலியின் தென்னாபிரிக்கச் சொந்தம் அது. கொடிவேலிக்கு வெள்ளைப் பூ, இதற்கு வெளிர் நீலம். சில இடங்களில் நீலச் சித்திரமூலம் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். உண்மையான இளநீலம் என்றால் இதுதான்: கத்தரிப்பூ கலக்காத, நீலம் போட்டு அலசிய வேட்டியின் நிறம். ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் நடுவிலும் கொஞ்சம் கடும் நீலத்தில் ஒரு கோடு. கொத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூவைத் தாங்கும் பச்சைக் குழலில் நுண்மயிர் நிறைய இருக்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் பிசின் துளி. தொட்டால் விரலில் ஒட்டும். என் பேத்தி பூவைப் பிடுங்கிக் காதுச் சோணையில் ஒட்டித் தோடு என்பாள், பள்ளிக்கூடம் போகிற நேரம் வரைக்கும் விழாமல் நிற்கும். பூ உதிர்ந்த பிறகு இந்தக் குழல்கள் போகிற வருகிறவர்களின் சாரத்திலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு போகும். அதனால் பாதை ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி வையுங்கள். படலைக்குப் பக்கத்தில் நெருக்கி வைத்தால், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் நாலு குழலைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருவார்கள்.

அது வெயிலைத் தாங்கும், வேர் பிடித்த பிறகு தண்ணீர் தவறினாலும் பொறுக்கும், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றையும் தாங்கும். பூப்பது புதிய தளிரில் மட்டும். இதுதான் ஆட்கள் தவறுகிற இடம். வெட்ட மனம் வராமல் விட்டால் ஆறடி உயரத்துக்குப் பற்றையாகி, நுனியில் மட்டும் நாலு பூ வைத்துக்கொண்டு நிற்கும். மாரி முடிந்து தை கடைசியில் அல்லது மாசியில், மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள். தண்ணீர் ஒழுங்காகக் கிடைத்தால் ஆறு ஏழு கிழமையில் நிறையப் பூக்கும். அதன் பிறகு ஒவ்வொரு பூப்பு முடிந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் வருடத்தில் பெரும்பகுதி பூ இருக்கும். தடி ஊன்றியும் வரும், ஆனால் பூவரசங் கதியால் போலக் கண்ட தடியை எல்லாம் குத்தி வைத்து முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பென்சிலை விடக் கொஞ்சம் மெல்லிய, அரைமுற்றல் தண்டு, ஐந்து அங்குலம், மணல் கலந்த மண், நிழல், மூன்று நாலு கிழமை. நான் பத்து வைத்தால் ஆறு பிடிக்கும். கன்றுக்குக் கன்று மூன்றரை அடி இடைவெளி விடுங்கள். வெட்டும்போது கையுறை போடுவது நல்லது. இந்த இனத்தின் சாற்றில், முக்கியமாக வேரில், தோலை எரிக்கும் பொருள் இருக்கிறது. கொடிவேலி வேரை மருந்துக்காரர்கள் சுத்தி செய்யாமல் தொடாதது சும்மா இல்லை.

பிளம்பாகோவுக்கும் எங்கள் சுண்ணாம்பில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. இளம் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காரமண்ணில் மங்கனீசும் இரும்பும் வேருக்குக் கிடைக்காமல் போவதால் வருவது அது. பிளம்பாகோவில் மங்கனீசுக் குறைவு பெயர்போனது, ஆனால் உங்கள் கன்றில் வருவது எது என்று இலையை மட்டும் பார்த்துப் பிரிப்பது கடினம். அதனால் நான் இரண்டும் கலந்த நுண்ணூட்ட மருந்தைத்தான் இலையில் விசிறச் சொல்வது. மண்ணில் போட்டால் சுண்ணாம்பு திரும்பவும் கட்டிப்போட்டுவிடும். இலைதழை மக்கிய எருவைக் கன்றைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்பிவிட்டால் அந்த மருந்தும் அடிக்கடி தேவைப்படாது. இலையின் அடியில் வெள்ளைத் தூள் போலக் கண்டால் பூஞ்சணம் என்று பதற வேண்டாம், அது அந்தச் செடியின் இயல்பு. மொட்டுக்களில் சின்னப் புழு கண்டாலும் உடனே மருந்தைத் தூக்காதீர்கள். இறக்கையின் அடியில் வரிக்குதிரை போலக் கோடு போட்ட சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று இதில்தான் முட்டை இடும். நாலு கொத்து அதற்குப் போகட்டும்.

வாங்கும்போது கவனிக்க இன்னொன்று: இதிலேயே கடும் நீலமாகத் தெரிவு செய்த வகை ஒன்று இருக்கிறது, 'ராயல் கேப்' என்ற பெயரில். தூய வெள்ளையும் உண்டு. நீங்கள் கேட்ட நிறத்துக்குச் சாதாரண வகையே போதும். உச்சி வெயில் காலத்தில் அந்த நீலமும் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். கன்றில் பிழை இல்லை, வெயில் இறங்கிய பிறகு விரிகிற பூ பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

வேலி ஓரமாக இடம் இருந்தால் நொச்சியை மறந்துவிடாதீர்கள். தடிமனுக்கு வேது பிடிக்க இலை பறிக்கிறோமே தவிர அதன் பூவை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? சிறிய பூ, நீலம் கலந்த சாம்பல் நிறக் கதிர். கிட்டப் பார்த்தால் கத்தரிப்பூச் சாயல் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இருபதடி தள்ளி நின்று பார்த்தால் இலையின் வெள்ளை அடிப்புறமும் பூவும் சேர்ந்து புகை பிடித்தாற்போல ஒரு நீலம். பழந்தமிழில் கோட்டை மதிலைக் காத்து நின்றவர்கள் சூடிய பூ இது, அந்தத் திணைக்கே நொச்சி என்றுதான் பெயர். வேலிக்கு வேறு என்ன தகுதி வேண்டும்? தடி குத்தினாலே முளைக்கும், ஆடு மாடு அவ்வளவாக வாய் வைக்காது, சுண்ணாம்பு மண் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வேலணை, காரைநகர்ப் பக்கம் உவர்த் தண்ணீரோடு அல்லாடுகிறவர்கள் இதை வாசித்தால், நீர்நொச்சி என்ற மூன்றிலை வகை கடற்கரைக் காற்றையும் உப்பையும் இன்னும் நன்றாகத் தாங்கும். உங்கள் கோண்டாவிலுக்குச் சாதாரண நொச்சி போதும்.

காக்கணத்தைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். கருநீலக் காக்கணம் ஊரெல்லாம் இருக்கிறது, வெள்ளையும் இருக்கிறது. கருவிளை, செருவிளை என்று பழைய புலவர்கள் இரண்டையும் பிரித்தே பெயரிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே மங்கலான இளநீலம் ஒன்றும் உண்டு, அதிகம் பேர் வைத்திருப்பதில்லை. எனக்கு அது பூசைக்குப் பூப் பறிக்க வந்த ஒரு அம்மாவின் வளவிலிருந்து கிடைத்தது. மூன்று வருடம் நன்றாக இருந்தது. பக்கத்து வேலியில் கருநீலம் ஏறிய பிறகு என் விதையில் முளைத்தவற்றில் பாதிக்கு மேல் கருநீலம். தேனீயின் வேலை என்றுதான் எண்ணுகிறேன். காக்கணம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற இனம் என்பதால், அவ்வளவு தூரம் கலந்தது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். விதை எடுத்த கையில்தான் தவறு நடந்ததோ தெரியாது. எப்படியோ, இளநீலக் காக்கணம் கிடைத்தால் தனியாக, கருநீலத்துக்குத் தள்ளி வையுங்கள். முதல் பூ விரிந்த அன்றே நிறம் பார்த்து வேண்டாத கொடியைப் பிடுங்குங்கள். விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒரு கிழமையில் முளைக்கும், ஒன்றரை இரண்டு மாதத்தில் பூ வரும். இவ்வளவு விரைவாகப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

பாதையின் விளிம்புக்கு, கணுக்கால் உயரத்துக்கு மேல் போகாத ஒன்று வேண்டும். விட்டுணுகிராந்தி எங்கள் தரவைகளிலும் மணல் வெளியிலும் தானாகவே படர்ந்து கிடக்கிற பூண்டு. சட்டைப் பொத்தானை விடச் சிறிய வட்டப் பூ, காலையில் விரியும், பின்னேரம் காணாது. அழகுதான், ஆனால் வளவுக்குள் கொண்டுவந்து எருப் போட்டுத் தண்ணீர் வார்த்தால் கொழுத்த இலையாகி, பூவைக் குறைத்துவிடும். வறுமையில்தான் பூக்கும் பிறவி அது. நாற்றுமேடைகளில் 'புளூ டேஸ்' என்று விற்பது அதன் தென்னமெரிக்க உறவு, பூ பெரிது, நீலமும் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், மற்றப்படி பிரச்சினை இல்லை. கார்த்திகை வெள்ளத்துக்கு முன்னால் மண்ணை நாலு அங்குலம் உயர்த்திப் பாத்தி போட்டு வையுங்கள்.

இப்போது நிழல் கரை. இதில் உங்களுக்கு மனம் நோகும் பதில்தான். மாமரத்துக்குக் கீழே, முழு நிழலில், எங்கள் காலநிலையில் இளநீலமாக அள்ளிக்கொட்டிப் பூக்கிற செடி ஒன்றையும் நான் காணவில்லை. நிழல் மட்டும் பிரச்சினை என்றால் சமாளிக்கலாம், மாவேர் மேல்மண்ணின் ஈரத்தையும் குடித்துவிடும். டிசம்பர்ப் பூ என்கிற பார்லேரியா அரை நிழலில் பூக்கும், மார்கழி தையில் நிறையவே பூக்கும், ஆனால் நிறம் கத்தரிப்பூ. உங்களுக்கு அது மூன்றாவது ஏமாற்றமாகிவிடும். எராந்திமம் என்ற செடியை நான் இரண்டு சாடியில் வைத்துப் பார்த்தேன். நிழலில் சந்தோஷமாக இருந்தது, குளிர் மாதங்களில் நல்ல நீலமாகவே பூத்தது, ஆனால் அது வெளிர் அல்ல, கடும் நீலம். இரண்டு சாடி அனுபவத்தை வைத்துப் பெரிதாகப் பேசக் கூடாது. என் யோசனை: அந்தக் கரையில் பூவை வற்புறுத்தாமல், கொழுந்து இலைக்காகப் பன்னமோ வேறு பச்சையோ விட்டுவிட்டு, நிழல் முடிகிற விளிம்பில் ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள்.

அந்தத் தொட்டிக்குள் நீலோற்பலம். 1986 இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நில் மானெல் இதுதான். இங்கேயும் ஒரு நிறக் குழப்பம் இருக்கிறது. சந்தையில் நில் மானெல் என்று விற்கிற, நிறைய இதழுள்ள கடும் ஊதாப் பூ பெரும்பாலும் கலப்பினம் என்று தாவரவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் குளங்களுக்கே உரியது இதழ் குறைந்தது, வெளிர் நீலம், வெள்ளைக்கு நெருங்கிய நீலம்கூட. நீங்கள் தேடுவது அந்த எளிய பூவைத்தான். இரண்டரை அடி அகலச் சீமெந்துத் தொட்டி, அடியில் ஒரு மண் சட்டியில் குளத்துக் களிமண்ணும் கொஞ்சம் மக்கிய மாட்டெருவும், மேலே ஒரு அங்குலம் மணல், கிழங்கின் முளை மணலுக்கு மேலே தெரிய வேண்டும். முதல் கிழமை முளைக்கு மேல் நாலு அங்குலத் தண்ணீர், இலை எழும்ப எழும்பத் தண்ணீரையும் ஏற்றுங்கள். பச்சை எரு போட்டால் தண்ணீர் நாறி, கிழங்கும் அழுகும், நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். நாளுக்கு ஐந்து ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும், அதனால்தான் விளிம்பு என்றேன். காலையில் விரிந்து பின்னேரம் மூடும், ஒரு பூ மூன்று நாலு நாள் இப்படி நடக்கும்.

தொட்டி என்றதும் நுளம்பு ஞாபகம் வரவேண்டும். மாரியோடு டெங்கு கிளம்புகிற ஊர் எங்களுடையது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள் வந்தால் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தத் தொட்டியைத்தான். பத்துக் கப்பி மீனை விட்டுவிடுங்கள், கூத்தம்பி ஒன்றும் தங்காது. மீன் செத்தால் உடனே புது மீன், அதில் சோம்பல் கூடாது. வாசலில் வெறும் சாடித் தட்டுக்களில் தேங்கும் தண்ணீர் இதைவிட ஆபத்து, அதை யாரும் பார்ப்பதில்லை.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய மணிப்பூ வைக்கிற துன்பெர்ஜியாக் கொடி பூவில் குறை இல்லை, வெளிர் நீலம்தான். ஆனால் முப்பதடிப் பாதைக்கு அது யானையைக் கட்டி மேய்ப்பதுபோல, மாமரத்தில் ஏறினால் மாங்காயை மறந்துவிடலாம். டுரான்டா வேலி வெயிலைத் தாங்கும், பூவும் நீலக் கொத்து. அதன் மஞ்சள் பழம் நஞ்சு, பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டில் நான் வைக்க மாட்டேன். ஆகாயத்தாமரை பூ எவ்வளவு இளநீலமாக இருந்தாலும் அந்தத் தொட்டிக்குள் விடாதீர்கள். நூறு வருடத்துக்கு முன்னரே, 1909 இல், இந்த நாட்டில் அதற்கு எதிராகத் தனிச் சட்டம் போடும் அளவுக்கு அட்டகாசம் செய்த களை அது. ஒரு வெள்ளத்தில் உங்கள் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்குப் போய்விடும்.

எங்கே வைத்தால் தெரியும் என்பதையும் யோசிக்க வேண்டும். வெளிர் நீலம் வெள்ளைச் சுவருக்கு முன்னால் காணாமலே போய்விடும். பச்சை வேலி, கிடுகு, செங்கல், இவற்றுக்கு முன்னால் எடுத்துக் காட்டும். பக்கத்தில் ஒரேயொரு மஞ்சள் பூ, ஒரு செவ்வந்தி நின்றால் நீலம் இன்னும் நீலமாகத் தெரியும். நீலம் மட்டும்தான் வேண்டும் என்றீர்கள், இருந்தாலும் ஒன்றை வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பிடுங்கலாம். மத்தியான வெயிலில் இந்தப் பூக்கள் எல்லாம் சாம்பல் பூத்தாற்போலத்தான் இருக்கும். பொழுதுபட்டு வெளிச்சம் குறையும்போது எங்கள் கண் மாறிவிடும், செவ்வரத்தை கறுத்துப் போகும், நீலம் எழும்பி நிற்கும். நீங்கள் வேலை முடிந்து ஆறரை மணிக்குப் படலையைத் திறக்கிறவர் என்றால், இந்த நிறத்தைத் தெரிவு செய்தது மிகச் சரி.

காலம் பார்த்தால், ஐப்பசியில் முதல் மழை மண்ணை நனைத்த பிறகு பிளம்பாகோவையும் நொச்சியையும் வையுங்கள், மாரி முழுக்கத் தண்ணீர்ச் செலவில்லாமல் வேர் பிடிக்கும். இப்போதே வாங்கினால் சாடியிலேயே வைத்திருங்கள், வைகாசிச் சோளகத்தில் மண்ணில் வைத்துவிட்டுப் பகலில் இரண்டு தரம் வாளி தூக்காதீர்கள். வெயில் கரைக்கு எட்டுப் பிளம்பாகோ போதும், அதற்கு மேல் வாங்கச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். மாமரம் பாதைக்குக் கிழக்கிலா மேற்கிலா நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கிழக்கில் என்றால் பின்னேர வெயில் உள்ளே வரும், தொட்டியை இன்னும் ஐந்தடி உள்ளே தள்ளலாம். அதையும், உங்கள் கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் உவர்க்கிறதா என்பதையும் எழுதுங்கள்.